அரையாண்டு விடுமுறைக்கு முன், பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விடைத்தாள்கள் திருத்தப்பட்டு வருகின்றன. பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளைகள் கைக்கு வந்துவிடும். அறிவியல் கண்காட்சி, திருக்குறள் ஒப்புவித்தல், ஓவியம், சதுரங்கம் எனப் பல போட்டிகளில் நம் மாணவர்கள் பரிசு பெற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்திருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் அலுவலகத்தை ஒட்டிய அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமும் சிறப்பாக நடந்தது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான மாலைச் சிறப்பு வகுப்புகள் விடுமுறைக்குப் பின் வழக்கம்போல் தொடரும்.

19 வயதுக்குட்பட்ட நம் மாணவர் கூடைப்பந்து அணி குறுவட்டப் போட்டியில் வென்று, மாவட்ட அளவில் அரையிறுதி வரை முன்னேறியது. ஜூன் மாதம் பயிற்சி தொடங்கியபோது பாதிப் பேருக்குச் சரியான ஷூ கிடையாது. காலை ஆறு மணிக்கு வந்து, சிமெண்ட் கோர்ட்டில் உதிர்ந்து கிடக்கும் வேப்பஞ்சருகைப் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் பந்தை எடுப்பார்கள். அப்படித் தொடங்கியவர்கள் அரையிறுதிக்கு வந்தது சின்ன விஷயமில்லை. பிள்ளைகளுக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் என் மனமார்ந்த பாராட்டுகள்.

அந்த அரையிறுதியைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஆட்டம் நம் பள்ளி மைதானத்திலேயே நடந்தது. வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பல பெற்றோர் வந்திருந்தீர்கள். அதைப் பார்த்து எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. கடைசி குவார்ட்டரில் இரண்டு நிமிடம் இருக்கும்போது நாம் ஒரே ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். நம் பையன் ஒருவன் ரிங்கை நோக்கி வேகமாகப் போய், ஓடிய வேகத்திலேயே எழும்பி லே-அப் போட்டான், பந்து கூடைக்குள் விழுந்தது. ஆனால் எதிரணி மாணவன்மேல் மோதிவிட்டான் என்று நடுவர் சார்ஜிங் கொடுத்தார். புள்ளி செல்லவில்லை. அது அவனுக்கு ஐந்தாவது ஃபவுல் என்பதால் வெளியே போக வேண்டியதாயிற்று.

அதன்பின் நடந்ததை வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள். சிலர் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள். "கண்ணு தெரியலையா?" என்று தொடங்கி, "எவ்வளவு வாங்கினே?" என்பதுவரை போயிற்று. அதற்கு மேல் வந்த சொற்களைப் பள்ளியின் முத்திரை உள்ள தாளில் என்னால் எழுத முடியாது. ஸ்கோர் ஷீட் எழுதிக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி பேனாவை மூடி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் மேடைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். உடனே எழுந்து வந்திருக்க வேண்டும். தானாக அடங்கிவிடும் என்று காத்திருந்தது என் தவறு. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த நிமிடத்தில் நமக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது, அதாவது யாரும் தடுக்காமல் நின்ற இடத்திலிருந்து ஒவ்வொரு புள்ளிக்குப் போடும் வாய்ப்பு. போட வந்த மாணவன் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. பயிற்சியில் அவன் ஒவ்வொரு முறையும் பந்தை மூன்று தடவை தரையில் தட்டுவான், ஒரு மூச்சு விடுவான், பிறகுதான் போடுவான். அன்று பந்தைத் தட்டவே இல்லை. ரிங்கைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தான். கூட்டத்திலிருந்து இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில், எப்படிப் போட வேண்டும் என்று அவனுக்குக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் தவறின. ஆட்டம் முடிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவனை எழுப்பி அழைத்து வர எங்களுக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

நடுவராக வந்த பெண் வேறொரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. வயதில் சிறியவர். காலையில் தன் பள்ளியில் இறைவணக்கக் கூட்டத்தை முடித்துவிட்டு இங்கே வந்தவர். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது வண்டி நிறுத்தும் இடத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "பரவாயில்லை சார்" என்றார். பரவாயில்லை என்று சொன்னவருக்குச் சாவியை வண்டியில் பொருத்த முடியவில்லை, கை அப்படி நடுங்கியது.

பெற்றோர்களே, அந்த சார்ஜிங் சரியா தவறா என்று வாதாட நான் வரவில்லை. வீடியோவை நானும் இரண்டு முறை பார்த்தேன். தவறாகக்கூட இருக்கலாம். தவறாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

மறுநாள் காலை மாணவர்கள் பயிற்சிக்கு வரவில்லை. "ரெஃப்ரி ஏமாத்திட்டாங்க சார், இனி எதுக்கு?" என்று வகுப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். உடற்கல்வி ஆசிரியர் எதுவும் பேசாமல் அவர்களை ஸ்மார்ட் வகுப்பறைக்கு அழைத்துப் போய் ஒரு ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார். நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி 2018-19 பருவத்தில் ஆடிய ஆட்டம் அது. அந்த அணியின் கதையை உங்களுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அங்கே கல்லூரி அணிகளுக்கென ஒரு தேசியப் போட்டி நடக்கும். நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் பலமான அணிக்கு 1 எனத் தொடங்கி 16 வரை வரிசை எண் கொடுப்பார்கள். 2018 மார்ச் 16 அன்று வர்ஜீனியா, மொத்தப் போட்டிக்குமே முதல் அணியாக வந்து, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்ட்டி வளாக அணியிடம் 74–54 என்று தோற்றது. ஆண்கள் போட்டியில் 16ஆம் எண் அணி ஒன்று 1ஆம் எண் அணியை வென்றது அதுவே முதல் தடவை. அதற்கு முன் 135 முறை முயன்று ஒருமுறைகூட நடக்காத ஒன்று. நாடே சிரித்தது. அந்த அணியின் இளைஞர் கைல் கை, தான் மனப்பதற்றத்தால் பட்ட அவதியைப் பின்னர் வெளிப்படையாகவே எழுதினார். பயிற்சியாளர் டோனி பென்னெட் அன்றிரவு யார்மீதும் பழி போடவில்லை. எதிரணி எங்களைவிட நன்றாக ஆடியது என்று ஒப்புக்கொண்டார்.

அதே அணி அடுத்த ஆண்டு அரையிறுதிக்கு வந்தது. 2019 ஏப்ரல் 6, மினியாப்பொலிஸ் நகரம், எதிரே ஆபர்ன் பல்கலைக்கழகம். கடைசி நொடிகளில் ஆபர்ன் 62–60 என முன்னிலையில் இருந்தது. வர்ஜீனியாவின் டை ஜெரோம் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது அது அவர் காலில் பட்டு எகிறியது. இரண்டு கையாலும் பிடித்து, மறுபடியும் தட்டினார். பிடித்த பந்தை மறுபடி தட்டுவது விதிமீறல், கூடைப்பந்து ஆடும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட "டபுள் டிரிப்ளிங்!" என்று சொல்லிவிடும். அவ்வளவு பெரிய ஆட்டத்தில், அவ்வளவு அனுபவமுள்ள நடுவர்கள் இருந்தும், விசில் வரவில்லை. ஊதியிருந்தால் பந்து ஆபர்ன் கைக்குப் போயிருக்கும். ஆட்டம் ஏறக்குறைய அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்து, அதே கைல் கை மூலையிலிருந்து மூன்று புள்ளிக்கு எறிந்தார், தவறியது. ஆனால் எறியும்போது ஆபர்ன் வீரர் அவர்மேல் மோதியதால் நடுவர் ஃபவுல் கொடுத்தார். மீதி 0.6 நொடி. மூன்று ஃப்ரீ த்ரோ. அரங்கில் 70,000 பேருக்கு மேல். அந்த இளைஞர் பனியனை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு போய் மூன்றையும் போட்டார். 63–62. இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் டெக்சஸ் டெக் அணியைக் கூடுதல் நேரத்தில் 85–77 என வென்று வர்ஜீனியா தன் முதல் பட்டத்தைப் பெற்றது.

நம் பையன்கள் கவனித்தது வெற்றி பெற்ற அணியை அல்ல. படம் முடிந்ததும் ஒருவன் கேட்டான்: "ஆபர்ன் கோச் என்ன சார் பண்ணார்?" கேட்க வேண்டிய கேள்வி. ஊதாத அந்த விசிலால் தேசிய இறுதி ஆட்டத்தையே இழந்தவர் புரூஸ் பேர்ல். ஆபர்ன் அரையிறுதிக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. செய்தியாளர்கள் நடுவரைப் பற்றிக் கிளறிக் கிளறிக் கேட்டார்கள். இந்த ஆட்டம் அந்த ஒரு முடிவால் நினைவுகூரப்பட வேண்டாம், பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தைப் பேசுங்கள் என்ற பொருளில்தான் அவர் பதில் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு நம் பையன்கள் எழுந்து கோர்ட்டுக்குப் போனார்கள்.

இதற்கு நேர் எதிராகவும் அந்த நாட்டில் நடந்திருக்கிறது. 2017இல் அதே கல்லூரிப் போட்டியில் கென்டக்கி பல்கலைக்கழக அணி நார்த் கரோலைனாவிடம் 75–73 என்று தோற்றது. கோபம் கொண்ட ரசிகர்கள் நடுவர்களில் ஒருவருக்குச் சொந்தமான கூரை போடும் நிறுவனத்தைத் தேடிப் பிடித்து, இணையத்தில் பொய்யான குறைகளை எழுதிக் குவித்தார்கள், தொலைபேசியில் மிரட்டினார்கள். அவரும் நம்மைப்போல வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆட்டத்துக்கு விசில் ஊத வருகிற மனிதர்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் அரையிறுதி முடிந்த அன்று மாலையே நடுவரின் முகம் தெரியும்படி ஒரு வீடியோ, மோசமான வரிகளோடு, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. வேறு குழுக்களுக்கும் போயிருக்கிறது. வைத்திருப்பவர்கள் இன்றே அழித்துவிடுங்கள். இது என் வேண்டுகோள் அல்ல, பள்ளியின் முடிவு.

இன்னும் சில முடிவுகளையும் ஆசிரியர்களோடும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தோடும் பேசி எடுத்திருக்கிறோம். இனி நம் மைதானத்தில் நடக்கும் எந்த ஆட்டத்திலும் பார்வையாளர்கள் வேப்பமரத்து ஓரம் போடப்படும் நாற்காலி வரிசையைத் தாண்டி வரக்கூடாது. நடுவரிடம் பேசும் உரிமை அணித் தலைவனுக்கும் பயிற்சியாளருக்கும் மட்டுமே. நடுவரையோ எதிரணிப் பிள்ளைகளையோ யாராவது இழிவாகப் பேசினால் ஆட்டம் நிறுத்தப்படும். பேசியவர் வெளியே போன பிறகுதான் தொடரும். இரண்டாம் முறை நடந்தால் அந்தக் கல்வியாண்டு முழுவதும் அவருக்கு மைதானத்தில் அனுமதி இல்லை. யாராக இருந்தாலும், பள்ளிக்கு எவ்வளவு செய்தவராக இருந்தாலும் இதில் விலக்குக் கிடையாது. ஆனால் பெற்றோர் செய்ததற்காக எந்தப் பிள்ளையையும் அணியிலிருந்து நீக்க மாட்டோம். அப்பா கோபப்பட்டார் என்பதற்காக மகன் பந்தை இழக்க நான் இருக்கும்வரை விடமாட்டேன்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஷூ வாங்கக் கடன் வாங்கியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். விடியற்காலையில் எழுந்து முட்டை அவித்துக் கொடுத்தனுப்பியவர்கள் இருக்கிறீர்கள். பிள்ளை ஆறு மாதம் ஓடி ஓடி உழைத்ததை ஒரு விசில் பறித்துவிட்டதே என்ற ஆற்றாமை அது. அன்றைக்கு மறுநாளே இரண்டு தந்தையர் தாமாக என் அறைக்கு வந்து வருத்தம் தெரிவித்தார்கள். ஒருவர் அந்த ஆசிரியையின் பள்ளிக்கே போய் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அப்படிச் செய்ய எவ்வளவு பெரிய மனது வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தும் ஓர் உடற்கல்வி ஆசிரியர்தான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பீச் பழக்கூடையை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் மாட்டி மாணவர்களை ஆடவிட்டபோது அவர் எழுதி ஒட்டிய விதிகள் வெறும் 13. அந்தப் பதின்மூன்றில் இரண்டை, ஆட்களைக் கவனிக்க ஒருவர், பந்தைக் கவனிக்க ஒருவர் என்று நடுவர்களுக்காகவே ஒதுக்கினார். அங்கே படித்த ஹாரி குரோ பக்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் உடற்கல்வி ஆசிரியர் படித்ததும் அங்கேதான். நம் கோர்ட்டில் ஒலிக்கும் விசில் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு அணிக்கும் சேர்த்து மோர் கரைத்துக் கொண்டுவந்த தாய்மார்களுக்கு நன்றி. கழன்று தொங்கிய கூடைப்பந்து போர்டைக் காசு வாங்காமல் வெல்டிங் வைத்துக் கொடுத்த தந்தைக்கு நன்றி. எந்த அணி புள்ளி எடுத்தாலும் கைதட்டும் அந்தத் தாத்தாவுக்கு என் தனிப்பட்ட நன்றி. அவர் நாற்காலி இனி முதல் வரிசையில் இருக்கும்.

பொங்கல் விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமை காலை, நம்மை வென்ற அதே பள்ளியோடு நம் மைதானத்தில் ஒரு நட்பு ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். அதே நடுவரை அழைத்தோம். முதலில் தயங்கினார், நம் அணிப் பையன்கள் ஐந்து பேர் போய் நேரில் கூப்பிட்ட பிறகு, வருவதாகச் சொல்லியிருக்கிறார். எட்டரை மணிக்கு ஆட்டம். எட்டு மணிக்கே வாசலில் நின்று அவரை வரவேற்க விரும்புகிறேன். முடிந்தவர்கள் என்னோடு வந்து நில்லுங்கள்.

புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகளுடன்,
தலைமையாசிரியர்