“எல்லா எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் பொருந்தும்” என்று விற்கப்பட்ட டியூனிங் கீகள் குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: டியூனிங் கீ தொகுப்பின் துளை அளவை மறைத்தது, உங்கள் ஊழியர் சொன்ன வழியால் கிட்டார் சேதமடைந்தது, பணத்தைத் திருப்பித் தர மறுத்தது

ஐயா / அம்மா,

தந்தியை இறுக்கிச் சுருதி சேர்க்கும் ஆறு டியூனிங் கீகள் கொண்ட உங்கள் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். அதனால் என் கிட்டாரின் தலைப்பகுதியில் ஒரு துளை சிதைந்துபோனது. அந்தக் கிட்டார் என் அக்கா வாசித்து எனக்குக் கொடுத்தது. எட்டு மாதங்களாக அதில்தான் பழகிவருகிறேன்.

மூன்றாம் தந்தியில் சுருதி நிற்கவில்லை. முதலில் நட்டின் (தலைப்பகுதியை ஒட்டித் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டை) பள்ளத்தில் தந்தி சிக்குகிறதோ என்று சந்தேகப்பட்டேன். பென்சில் கரியைத் தூளாக்கி அந்தப் பள்ளத்தில் தடவியும் பார்த்தேன், மாற்றமில்லை. பிறகு கீயின் மேல் விரலை வைத்து மெதுவாகத் திருப்பிக் கவனித்தேன். கால் சுற்று திருப்பும்வரை, தந்தி சுற்றியிருக்கும் தண்டு அசையவே இல்லை. அதன் பிறகு சட்டென்று நகர்ந்தது. உள்ளே பல் தேய்ந்துவிட்டது என்பது புரிந்தது. அதனால்தான் ஆறையும் மாற்ற முடிவு செய்தேன்.

உங்கள் பெட்டியின் முன்பக்கத்தில் 18:1 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். கீயைப் பதினெட்டு சுற்று சுற்றினால் தண்டு ஒரு சுற்று சுற்றும் என்ற பல்சக்கர விகிதம் அது. பயனுள்ள தகவல்தான். ஆனால் தலைப்பகுதியில் எத்தனை மில்லிமீட்டர் துளை வேண்டும் என்பது பெட்டியிலும் இல்லை, உள்ளே இருந்த தாளிலும் இல்லை, விற்பனைப் பக்கத்திலும் இல்லை. அந்த இடத்தில் “எல்லா எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் பொருந்தும்” என்ற வாசகம் மட்டும் இருக்கிறது.

அந்த வாசகம் உண்மையில்லை. உங்கள் கீ, முன்பக்கத்திலிருந்து மரையுள்ள புஷ் (தண்டைத் துளையில் பிடித்து வைக்கும் உலோக வளையம்) போட்டு ஸ்பேனரால் இறுக்கும் வகை. அதற்கு 10 மி.மீ. துளை வேண்டும். என் கிட்டாரில் இருந்தவை பழைய பாணிக் கீகள். அவற்றின் புஷ் துளைக்குள் அழுத்திப் பொருத்தப்படுவது. மரக்குச்சியால் பின்பக்கத்திலிருந்து மெல்லத் தட்டி ஒவ்வொரு புஷ்ஷையும் வெளியே எடுத்த பிறகு வெர்னியர் காலிப்பரால் அளந்தேன். 8.8 மி.மீ. இருந்தது. துளையின் அளவு மட்டுமல்ல. பின்பக்கத் திருகின் இடம்கூட வகைக்கு வகை மாறும். ஒரே பக்கத்தில் ஆறு கீகள் உள்ள கிட்டாருக்கு, பக்கத்துக்கு மூன்றாகப் பிரித்த தொகுப்பு பொருந்தவே பொருந்தாது. கீ செய்து விற்கும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

இதுவரை நடந்ததைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்கியிருப்பேன். உங்கள் சேவைப் பிரிவிடம் கேட்டதுதான் வினையாகிவிட்டது. நான் கற்றுக்குட்டி என்பதையும் 8.8 என்ற அளவையும் எழுதி, என்ன செய்யலாம் என்று கேட்டேன். “10 மி.மீ. டிரில் பிட் போட்டு ஒரே முறை ஓட்டிவிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்” என்று பதில் வந்தது. அந்தப் பதிலின் படத்தை இணைத்திருக்கிறேன்.

ஏற்கெனவே இருக்கும் துளையைவிடச் சற்றே பெரிய பிட்டுக்கு நடுவில் பிடிமானம் கிடையாது. விளிம்பைக் கவ்விக்கொண்டு மரத்தை இழுக்கும். அன்று அதுதான் நடந்தது. ஆறாம் தந்தியின் துளையில் பிட் பட்டதும் கையில் ஓர் உதறல். நிறுத்திப் பார்த்தபோது துளையைச் சுற்றி நகத்தளவு பாலிஷ் பெயர்ந்து, அடியிலிருந்த வெள்ளை மரம் தெரிந்தது. துளையும் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் நீண்டிருந்தது. மற்ற ஐந்தைத் தொடவில்லை.

கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் சென்றேன். துளையைப் பெரிதாக்கியே ஆக வேண்டுமென்றால் விளிம்பில் டேப் ஒட்டிக்கொண்டு, கையால் சுற்றும் ரீமரை (துளையைச் சுரண்டி அகலமாக்கும் கருவி) இரு பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்த வேண்டும் என்று விளக்கினார். அதைவிட, பழைய பாணிக் கீயையே வாங்கியிருந்தால் துளையைத் தொடவே தேவையில்லை என்றும் சொன்னார். சிதைந்த துளையைக் கடின மரத்துண்டால் அடைத்து, மீண்டும் 8.8 மி.மீ. அளவில் துளையிட்டுக் கொடுத்தார். பிறகு வாங்கிய பழைய பாணிக் கீகள் ஆறும் இப்போது சரியாக உட்கார்ந்திருக்கின்றன, சுருதியும் நிற்கிறது. பெயர்ந்த பாலிஷ் மட்டும் அப்படியே இருக்கிறது. அக்காவிடம் அதைக் காட்டும்போது எனக்கு வார்த்தை வரவில்லை.

இதற்குப் பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “பொருத்தப்பட்ட பொருளைத் திரும்பப் பெற இயலாது” என்று இரண்டே வரியில் மறுத்திருக்கிறீர்கள். ஆறில் ஒன்றைக்கூட நான் பொருத்தவில்லை; பொருத்த முடியவில்லை என்பதுதான் என் புகாரே! புஷ்களின் மரையில் ஸ்பேனர் பட்ட தடம்கூட இல்லை. படங்களைப் பாருங்கள்.

தொகுப்பின் முழு விலையையும், ரசீதில் உள்ள பழுதுபார்ப்புச் செலவையும் 15 நாட்களுக்குள் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தவறினால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன். “எல்லா எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் பொருந்தும்” என்ற வாசகத்தை உடனே நீக்கி, துளையின் விட்டம், புஷ்ஷின் வகை, திருகின் இடம், ஆறும் ஒரே பக்கமா மூன்று மூன்றா என்பதை வாங்குவதற்கு முன்பே தெரியும்படி போடுங்கள். முதன்முறையாக ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பவர்களும் உங்களிடம் வாங்குகிறார்கள். அவர்களிடம் டிரில்லிங் மெஷினை எடுக்கச் சொல்லும் பதிலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஆறு கீகளும் புஷ், வாஷர், திருகுகளோடு அதே பெட்டியில் இருக்கின்றன. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிவியுங்கள்.

இணைப்பு: வாங்கிய ரசீது, பழுதுபார்ப்பு ரசீது, சேவைப் பிரிவின் பதில், துளையின் படங்கள் மற்றும் கீகளின் படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்