செப்டம்பர் ஒன்பது

அன்புள்ள பாப்பா,

பசியாறிவிட்டாயா? நேற்று மாதா திருநாள் நல்லபடி முடிந்தது. அப்பாவுக்கு முட்டி வலி. இருந்தாலும் தேர் கோயிலுக்குத் திரும்பும்வரை கூடவே நடந்தார்.

இந்த வருடம் திருப்பலியில் வாசிக்கும் பொது மன்றாட்டு எழுதும் முறை எனக்கு வந்தது. அமெரிக்காவின் வர்த்தகத் தடையில் தவிக்கும் கியூபா மக்களுக்காக ஒன்று எழுதினேன். அவர்கள் நாட்டின் பாதுகாவலி கோப்ரே அன்னை. 1612 வாக்கில் உப்பு எடுக்கப் படகில் போன மூன்று பேர், அதில் ஒருவன் அடிமையாக இருந்த கறுப்பினச் சிறுவன், கடலில் மிதந்து வந்த சிறிய சொரூபத்தைக் கண்டெடுத்ததாக அங்கே சொல்வார்கள். அந்த அன்னைக்கும் செப்டம்பர் 8தான் திருநாள். நாம் ஆரோக்கிய மாதாவின் தேர் பின்னால் போகிற அதே நாளில் அவர்களும் தங்கள் தாயின் பின்னால் போகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு எப்படி செபிப்பது?

வாசிப்பதற்கு முன் ஒரு பெரியவர், "இது அரசியல், வேண்டாம்" என்றார். மருந்தில்லாத பிள்ளைக்காக மாதாவிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது என்றேன். ஃபாதர் வாசிக்கச் சொல்லிவிட்டார்.

போனில் நீ, "அந்தத் தடையில் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் விலக்கு இருக்கும்மா" என்றாய். காகிதத்தில் இருக்கிறதுதான். ஆனால் 1992ல் அமெரிக்கா போட்ட சட்டப்படி, வியாபாரத்துக்காகக் கியூபா போன கப்பல் தனி அனுமதி இல்லாமல் 180 நாளைக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது. பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த உன் அப்பா இதைக் கேட்டதும், "எந்தக் கப்பல்காரன் ஆறு மாதப் பிழைப்பை விடுவான்?" என்றார். வருகிற கப்பலும் சரக்குக் கூலியை உயர்த்தித்தான் வரும். 2021 ஜனவரியில் பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடுகளின் பட்டியலிலும் கியூபாவை மறுபடி சேர்த்தார்கள். அந்தப் பெயரைப் பார்த்தாலே வங்கிகள் ஒதுங்குகின்றன. மருந்துக்கு விலக்கு இருந்து என்ன, பணம் போய்ச் சேர வழியில்லையே.

இந்தத் தடை 1962ல் வந்தது, நான் பிறப்பதற்கு முந்தின வருடம். 1998ல் கியூபா போன போப் இரண்டாம் ஜான் பால், வெளியிலிருந்து திணிக்கும் இப்படிப்பட்ட தடைகள் அநியாயம் என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தார். 2024ல் ஐ.நா. பொதுச்சபையில் 187 நாடுகள் தடையை எடுக்கச் சொன்னபோது எதிர்த்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டும்தான்.

அந்த நாட்டு அரசாங்கத்தின் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் தீவு முழுக்க இருண்டதற்குப் பழைய மின்நிலையங்களும் எண்ணெய்ப் பஞ்சமும் காரணம். அதில் யார் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி பிள்ளைக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைத்தான் எனக்குத் தெரியும். உன் பாட்டி ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து லயத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். மலேரியாவுக்குக் கொய்னா மருந்து கிடைக்கவில்லை, அவள் தம்பி காய்ச்சலில் போய்விட்டான். சண்டை போட்டவர்கள் யாரையும் அவள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

நீ வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் காகிதங்களைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறாய். சட்டத்தை மீறச் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட ஊரின் பெயரோடு ஒரு காகிதம் வந்தால், பெயரைப் பார்த்ததும் திருப்பி அனுப்பாதே. கடைசி வரிவரை படி. மருந்துக்கான பணமா என்று பார். விலக்கில் இடம் இருந்தால் மேலே இருப்பவர்களிடம் எடுத்துச் சொல். பத்து நிமிடம் கூட ஆகலாம். நான் முழங்காலில் கேட்பதில் பாதி அந்தப் பத்து நிமிடம்தான், பாப்பா.

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வீட்டில் செபமாலை. லண்டனில் அப்போது மதியம் ஒரு மணி, சாப்பாட்டு நேரம்தானே, போனில் சேர்ந்துகொள். ஹவானாவில் காலை எட்டு. செபமாலையின் இரண்டாவது பத்து மணிகளைச் சொல்வது நீ, அப்பா உனக்காக விட்டுவைத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா
பினாங்கு