கத்தினால் காட்சி ஆகாது

ஆசிரியருக்கு,

சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டைக் காட்டும் படங்களில் ஆளாளுக்குக் கத்துகிறார்கள். உதாரணத்துக்கு, கடன் கேட்க வந்தவன் எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டால் காட்சி அங்கேயே முடிந்தது. கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருப்பவரிடம் முதலில் மீன்பாடு பற்றி விசாரிக்கட்டும். அவருக்கு விஷயம் புரிந்த நொடியில் ஊசி நிற்கட்டும். அவருக்கு வசனமே வேண்டாம். ஆனால் தூரத்து ஷாட்டில் வந்தவனின் எந்தச் சொல்லில் அவர் கை நின்றதோ, குளோசப்பிலும் அதே சொல்லில் நிற்கவேண்டும். மாறினால் எடிட்டர் ஒட்டுவதற்குள் படாதபாடு படுவார். நொடிக்கு 24 பிரேம். சில பிரேம் பிசகினாலே கண்ணை உறுத்தும். படகு எஞ்சின் இரைச்சலால் டப்பிங்கை நம்புகிறவர்கள், பேசுமுன் இழுக்கும் மூச்சையும் சேர்த்துப் பதியட்டும். இல்லையேல் குரல் உதட்டில் ஒட்டாது. வரிக்கு வரி ‘இன்னாபா’ திணிப்பது தனித் தொல்லை.

– நடிப்புப் பயிற்சியாளர்கள், தண்டையார்பேட்டை