பெயர் சொல்லாமல் உதவிய பெரியவருக்கு நன்றி

ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று உழவர்கள். இவர்களில் நம் முன்னோர் யார்? பழைய பத்திரங்களில் பூர்விகம் தேடுபவர்கள் திகைத்து நிற்கும் இடம் இதுதான். பதிவறையில் வழிகாட்டிய ஐயா, உங்களுக்கு மனமார்ந்த நன்றி.

ஆளை விடுங்கள், நிலத்தைப் பிடியுங்கள் என்றீர்கள். கடைசிக் கிரயப் பத்திரத்தில் உள்ள மூலப் பத்திர எண்ணை, அதாவது அதற்கு முந்தைய பத்திரத்தின் எண்ணைக் கொண்டு ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போக வேண்டும். நான்கெல்லையை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்: கிழக்கே இன்னார் நிலம், தெற்கே வாய்க்கால். உரிமையாளர் மாறினாலும் வாய்க்கால் எளிதில் மாறாது. பக்கத்து நிலத்துக்காரர் பல சமயம் பாகம் பிரிந்த அண்ணன் தம்பிதான்.

அரசு நிலத்தை மீண்டும் அளந்த மறு அளவையில் சர்வே எண் மாறியிருக்கலாம். பழைய எண், புதிய எண் ஒப்புப் பட்டியலைப் பார்க்காமல் போனால் வேறொரு குடும்பத்தின் வம்சாவளிதான் கையில் வரும். மை மங்கிய வரியில் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பேனா அழுந்திய தடம் தெரிகிறது. அதைக் காட்டியதும் நீங்கள்தான். சாட்சிக் கையெழுத்தில் சம்பந்தி வீட்டார் பெயரும் கிடைத்தது, ஐயா.