மொன்டானா கிளம்பும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மொன்டானாவின் கிளாஸ்கோ ஊர் மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்குச் சரி சொல்லப் போகிறாய் என்று தெரிகிறது. போவதில் எனக்கு மறுப்பில்லை. நான் கேட்பது ஒன்றுதான். முதல் குளிர்காலம் கழியும்வரை உன்னைக் கட்டிப்போடுகிற எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. சொந்த வீடு, மூன்று வருடம் விலகாமல் இருக்கச் சொல்லும் போனஸ் ஒப்பந்தம் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் லைசென்ஸ். டெக்சாஸும் மொன்டானாவும் நர்ஸ் லைசென்ஸ் கூட்டு ஒப்பந்தத்தில் இருப்பதால், உன் பல-மாநில லைசென்ஸோடு போன அன்றே வேலையைத் தொடங்கலாம். ஆனால் குடி மாறியபின் 60 நாளுக்குள் மொன்டானாவில் விண்ணப்பித்தாக வேண்டும். புது லைசென்ஸ் வந்ததும் பழையது செல்லாமல் போய்விடும், இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. குடியிருப்புக்கு அத்தாட்சியாக டிரைவிங் லைசென்ஸைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். எனவே போனதும் அதை மாற்றிவிடு. லைசென்ஸ் விண்ணப்பத்துக்குக் கொடுக்கும் கைரேகையில் கவனம் வேண்டும். ஓயாமல் கை கழுவி, சானிடைசர் தேய்த்துத் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாகப் பதியாது. நிராகரித்துத் திருப்பி அனுப்பினால் வாரக்கணக்கில் இழுக்கும். இரண்டு வாரம் முன்பிருந்தே ராத்திரி தூங்கப்போகும்போது விரல்நுனியில் வாசலின் தடவு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் சொல்லி அன்றைக்கே முடிக்கச் சொல்.

இனி மருத்துவமனை. இது 'கிரிட்டிகல் ஆக்சஸ்' வகை, அதாவது ஒதுக்குப்புற ஊர்களுக்கான சின்ன மருத்துவமனை. அதிகபட்சம் 25 படுக்கை. நோயாளிகள் தங்கும் நேரம் வருட சராசரியில் 96 மணிக்குள் இருக்க வேண்டும், அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். ஹூஸ்டனில் நீ ஐசியு நர்ஸ், அவ்வளவுதான். அங்கே ஒரே இரவில் அவசரப் பிரிவு, வார்டு, சில சமயம் பிரசவம் எல்லாம் உன் தலையில். டாக்டர் வீட்டிலிருந்து வருவார். விதிப்படி 30 நிமிடத்துக்குள் வர வேண்டும், மக்கள் மிகக் குறைந்த பகுதியென்றால் 60 நிமிடம்வரை அனுமதி உண்டு. அந்த இடைவெளியில் உன் கூட யார் நிற்பார்கள் என்பதுதான் நேர்காணலில் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி. "இரவில் எத்தனை நர்ஸ்? லேபுக்கும் எக்ஸ்ரேக்கும் ஆள் உள்ளே இருக்கிறாரா, கூப்பிட்டால் வருவாரா? ஓ-நெகட்டிவ் ரத்தம் எத்தனை யூனிட் வைத்திருக்கிறீர்கள்? பெரிய மருத்துவமனை டாக்டரைத் திரையில் கூப்பிடும் வசதி உண்டா?" பதில் மழுப்பலாக வந்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்.

மாரடைப்பை எடுத்துக்கொள். உனக்கு இதய அடைப்பை ஸ்டென்ட் வைத்துத் திறக்கும் கேத் லேப் பழக்கம். அங்கிருந்து, பெரிய மருத்துவமனை உள்ள பில்லிங்ஸ் நகரம் சுமார் 275 மைல். 120 நிமிடத்துக்குள் ஸ்டென்ட் வைக்க வழியில்லையென்றால், நோயாளி வந்த 30 நிமிடத்துக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து போக வேண்டும். கலக்குவதும் ஏற்றுவதும் நீதான். அந்த மருந்தான டெனெக்டிப்ளேஸ் எடைக்கேற்ப 30 முதல் 50 மி.கி., ஒரே தள்ளு. குப்பியைக் குலுக்காமல் மெதுவாகச் சுழற்று. டெக்ஸ்ட்ரோஸ் ஓடும் லைனில் போட்டால் மருந்து திரிந்துவிடும், முன்னும் பின்னும் சலைனால் ஃப்ளஷ் பண்ணு. பனிப்புயலில் விமானமும் ஹெலிகாப்டரும் பறக்காது. அனுப்ப வேண்டிய நோயாளி மறுநாள்வரை உன் கையில்தான் இருப்பார். கிளம்புவதற்குள் பால்ஸ் (குழந்தைகள் அவசர சிகிச்சை), டிஎன்சிசி (விபத்துக் காயம்), என்ஆர்பி (பிறந்த குழந்தையின் மூச்சை மீட்பது) மூன்று பயிற்சியையும் முடித்துவிடு. பிரசவப் பிரிவு இல்லாத மருத்துவமனைக்கும் பிரசவ வலியோடு ஆள் வருவார்கள்.

போனஸ் கணக்கு. 10,000 டாலர் என்றால் மத்திய வரிக்கு 22 சதவீதம், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்கு 7.65 சதவீதம் பிடித்தபின் 7,035 டாலர் மிஞ்சும். அதிலும் மாநில வரி போகும். டெக்சாஸில் வருமான வரி கிடையாது, மொன்டானாவில் உண்டு. ஆறுதலுக்கு அங்கே விற்பனை வரி இல்லை. வீடு மாற்றும் செலவுக்குத் தரும் பணமும் சம்பளமாகவே கணக்கில் ஏறும். பாதியில் விலகினால் கைக்கு வந்த தொகையையா, முழு 10,000-ஐயா திருப்பிக் கேட்பார்கள்? மாதக்கணக்கில் குறையுமா? எழுத்தில் வாங்கிக்கொள். படிப்புக் கடன் மிச்சமிருந்தால் மத்திய அரசின் நர்ஸ் கோர் திட்டத்தைப் பார். தேர்வானால், தட்டுப்பாடுள்ள இடத்தில் இரண்டு வருட வேலைக்குக் கடனில் 60 சதவீதம் அடைப்பார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். உன் ஷிஃப்ட் காலை 7 மணிக்கு. அதற்குள் திறக்கும் டேகேர் சின்ன ஊரில் அபூர்வம், இருந்தாலும் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும். இடம் கிடைத்ததென்று எழுத்தில் வந்த பிறகே சேரும் தேதியைச் சொல். மொன்டானாவின் கிராமப் பள்ளிகள் பல வாரத்தில் நாலு நாள்தான் நடக்கும், அப்படியானால் வெள்ளிக்கிழமை பெரியவளை யார் பார்ப்பது? மாப்பிள்ளை வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் இரண்டு காரியம் உண்டு. அவருடைய கம்பெனி மொன்டானாவில் சம்பளம் போடப் பதிவு செய்ய வேண்டும். வாடகை பேசும் முன் அந்த முகவரிக்கே ஃபைபர் இன்டர்நெட் வருகிறதா என்று கேட்க வேண்டும். பக்கத்துத் தெருவுக்கு வந்து இந்தத் தெருவுக்கு வராமல் இருப்பது சகஜம்.

வீட்டை ஊருக்குள்ளேயே, மருத்துவமனைக்கு நடக்கிற தூரத்தில் பிடி. ஊருக்கு வெளியே பண்ணை வீடு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே கிணற்றுத் தண்ணீர், செப்டிக் டேங்க், வீட்டைச் சூடாக்க டேங்கில் வாங்கும் புரொப்பேன் கேஸ். 500 கேலன் டேங்கில் 80 சதவீதம், அதாவது 400 கேலன்தான் நிரப்புவார்கள். முள் 30 சதவீதத்துக்கு வந்ததும் நிரப்பச் சொல்லிவிட வேண்டும். பனி மூடிய வண்டிப்பாதையில் லாரி ஏறாது. கிணறென்றால் கோலிஃபார்ம் கிருமியும் நைட்ரேட் உப்பும் இருக்கிறதா என்று சோதிக்காமல் சின்னவனுக்குத் தண்ணீர் கொடுக்காதே.

கார். இந்த மாநிலத்தில்தான் ரோஜர்ஸ் பாஸில் 1954 ஜனவரியில் மைனஸ் 70 பாரன்ஹீட் பதிவானது. அவ்வளவு போகாவிட்டாலும் மைனஸ் 30-க்குத் தயாராக இரு. ஹூஸ்டனில் ஊற்றிய வாஷர் திரவம் முதல் குளிரிலேயே உறைந்து குழாயை வெடிக்க வைக்கும், கிளம்பும் முன்பே மாற்று. கூலன்ட் பாதிக்குப் பாதி கலவையாக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல். எஞ்சின் பிளாக் ஹீட்டரைக் காரில் மாட்டி, கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே பிளக்கில் செருகு. ஸ்னோ டயரை அக்டோபரிலேயே போடு, நாலு சக்கரத்துக்கும். நாலு சக்கரமும் இழுக்கிற கார்தானே என்று விடாதே. அது கிளம்ப உதவும், பிரேக் பிடித்து நிற்க உதவாது. பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. 2-ஆம் எண் நெடுஞ்சாலையில் செல்போன் சிக்னல் விட்டுப்போகும் இடங்கள் உண்டு. சிக்கினால் காரை விட்டு இறங்கி நடக்காதே. சைலன்சர் வாயை மூடிய பனியைத் தள்ளிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி, காற்றடிக்காத பக்கத்து ஜன்னலை விரல்கடை திறந்து வை. வாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும், அதற்கு வாசனையே கிடையாது. கம்பளி, மண்வாரி, மணல், டார்ச், பிள்ளைகளுக்குத் தீனி எப்போதும் டிக்கியில் இருக்கட்டும். நைட் ஷிஃப்ட் முடிந்த தூக்கக் கண்ணோடு பில்லிங்ஸுக்கு ஓட்டாதே. விடியலிலும் அந்தியிலும் மான் குறுக்கே பாயும்.

இன்சூரன்ஸில் பில்லிங்ஸின் குழந்தை மருத்துவர்கள் சேர்ந்திருக்கிறார்களா என்று பார். 2022-லிருந்து விமான ஆம்புலன்ஸின் திடீர் பில்லுக்கு மத்திய சட்டப் பாதுகாப்பு உண்டு, தரை ஆம்புலன்ஸுக்குக் கிடையாது.

இட்லி அரிசியும் உளுந்தும் ஹூஸ்டனிலிருந்தே மூட்டையாகக் கொண்டு போ. மாவைச் சூடு போடாத ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு வை, பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விடு.

வேலை ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துக்கு முன் எனக்கு அனுப்பு. போனஸ் பக்கத்தையும், ஷிஃப்ட் இல்லாதபோதும் கூப்பிட்டால் வர வேண்டிய ஆன்-கால் பக்கத்தையும் வரிவரியாகப் படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா