பெட்டியில் எழுதியது ஒன்று, உள்ளே இருந்தது வேறு

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: .303 தோட்டாக்கள் பற்றிய தவறான விவரம். பணம் திரும்பக் கேட்டு

ஐயா / அம்மையீர்,

போன மாதம் உங்களிடம் 200 தோட்டாக்கள் வாங்கினேன். "அனைத்தும் மார்க் 7, 174 கிரெய்ன், குழலை அரிக்காத ப்ரைமர்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். அதாவது ரகம் மார்க் 7, குண்டின் எடை 174 கிரெய்ன், ஊசி பட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடியான ப்ரைமர் குழலைத் துருப்பிடிக்க வைக்காது என்று. குறி தவறுகிறது என்று போனில் சொன்னதற்கு, "துப்பாக்கி பழசு, அப்படித்தான் இருக்கும்" என்று உங்கள் ஊழியர் பேச்சை முடித்துக்கொண்டார்.

பழசுதான். டொராண்டோ பக்கம் லாங் பிராஞ்ச் ஆலையில் 1943-ல் செய்த லீ-என்ஃபீல்டு நம்பர் 4. ஆனால் போன கோடையில் நண்பர் கையால் நிரப்பித் தந்த தோட்டாவில் 100 கஜத்தில் ஐந்து குண்டுகளை மூன்று அங்குலத்துக்குள் போட்ட துப்பாக்கியும் இதுதான். உங்கள் தோட்டாவில் பதினொரு அங்குலம். குறி அட்டையில் இரண்டு ஓட்டைகள் வட்டமாகவே இல்லை, குண்டு பக்கவாட்டில் புகுந்த நீள வெட்டு.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். திருகுகளை இறுக்கினேன், குழல் வாயில் அடி பட்டிருக்கிறதா என்று பார்த்தேன், முன்கட்டை குழலை நுனியில் தாங்கிப் பிடிக்கிறதா என்று தூக்கிப் பார்த்தேன். எல்லாம் சரி. அப்புறம் மெல்லிய ஈயக் கட்டி ஒன்றைக் குழலுக்குள் தட்டி இறக்கி அளந்தேன். இது போர்க்காலத்து இரண்டு வரிக் குழல் (குண்டைச் சுழலவைக்கும் பள்ளங்கள் எதிரெதிரே இரண்டே), அதனால் பள்ளத்துக்குப் பள்ளம் மைக்ரோமீட்டரில் அளப்பது சுலபம்: 0.315 அங்குலம். கொஞ்சம் அகலம்தான், மறைக்கவில்லை. இப்படித் தேய்ந்த குழலுக்கு அடி தட்டையான மார்க் 7 குண்டுதான் ஒத்துவரும் என்பதால்தான் உங்கள் விளம்பரத்தைப் பார்த்து வாங்கினேன்.

பிறகுதான் தோட்டாக்களைக் கவிழ்த்துப் பார்க்கத் தோன்றியது. 200-ல் 83-இன் அடியில் 'VIIIZ' என்ற முத்திரை! அது விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி தொலைதூரம் சுடுவதற்காகச் செய்தது, குண்டின் வால் படகு போல ஒடுங்கியிருக்கும். ஒரு தோட்டாவின் குண்டைக் கழற்றிப் பார்த்தேன், அப்படியேதான். தேய்ந்த குழலில் அந்த வாலைச் சுற்றி வாயு கசிந்து, குண்டு வரியில் சரியாகப் பிடிக்காமல் புரண்டு போகிறது. மீதி மார்க் 7-இல் மூன்று, ஊசி விழுந்து 'டிக்' என்ற பிறகு அரை விநாடி தாமதித்து வெடித்தன. துப்பாக்கியைக் குறியை விட்டு நகர்த்தாமல் பிடித்திருந்ததால் தப்பித்தேன்.

இதைவிட எரிச்சலூட்டியது ப்ரைமர். சுட்டு நான்காம் நாள் குழலுக்குள் செம்மண் நிறம். சந்தேகம் தீர, இன்னொரு தோட்டாவிலிருந்து குண்டையும் வெடிமருந்தையும் எடுத்துவிட்டு, ப்ரைமரை மட்டும் குழல் வாயின் முன் வைத்த பளபளப்பான இரும்புத் தகட்டில் படும்படி சுட்டேன். புது ப்ரைமர் ஒன்றால் இன்னொரு தகட்டிலும் அப்படியே செய்தேன். இரண்டையும் ஈரமான குளியலறையில் இரண்டு நாள் வைத்தேன். புதுசு பட்டது சுத்தமாக இருந்தது, உங்களுடையது பட்டது துருப்பிடித்துப் பொரிந்துவிட்டது. அரிக்கும் ப்ரைமர் வெடித்தால் உப்பு படியும், எண்ணெய் அதைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். 'அரிக்கும்' என்று நேர்மையாக எழுதியிருந்தால் அன்று சாயங்காலமே வெந்நீர் ஊற்றிக் கழுவியிருப்பேன். வழக்கம்போல எண்ணெய் போட்டு வைத்துவிட்டேன்.

கொடுத்த 300 டாலர் முழுவதும் திரும்ப வேண்டும். குழலைச் சுத்தம் செய்ய ஆன செலவுக்கு ரசீது இணைத்திருக்கிறேன், அதுவும் வேண்டும். அட்டை, தகடுகள், தோட்டா அடிகள் ஆகியவற்றின் படங்களும் உள்ளன. விளம்பரத்தை இன்றே திருத்துங்கள், அதை நம்பி இன்னும் யாராவது வாங்குவார்கள்.

42 தோட்டாக்கள் சுட்டதிலும் சோதனையிலும் போயின, மிச்சம் 158 என்னிடம் பூட்டிய பெட்டியில் இருக்கின்றன. கனடா தபாலில் தோட்டா அனுப்ப முடியாது என்பது உங்களுக்கே தெரியும். எடுத்துப்போக உங்கள் செலவில் ஆள் ஏற்பாடு செய்து, 14 நாட்களுக்குள் தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், ஒன்டாரியோ