மனை பிரிக்கும் முன் நிழலை அளந்துவிடுங்கள்

புதிய குடியிருப்புகளுக்கு வரைபடம் தயாரிக்கும் நகரமைப்பாளர்களுக்கு,

வணக்கம். கூரையேறி சோலார் பேனல் பொருத்துவது என் பிழைப்பு. நீங்கள் மனை பிரித்து, சாலை போட்டு, வீடுகளும் எழும்பிய பிறகே என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுகிறார்கள். அதற்குள் பாதிக் காரியம் கெட்டுப்போயிருக்கிறது.

கூரையில் இடம் தாராளமாகவே இருக்கும். ஆனால் தண்ணீர்த் தொட்டியும் படிக்கட்டு அறையும் வெயில் வரும் திசையிலேயே நிற்கும். பேனலுக்குள் வெயிலை மின்சாரமாக்கும் சிறு வில்லைகளான செல்கள் தொடர் இணைப்பில் இருப்பவை. ஒரு செல்லை நிழல் மறைத்தால், அதனுடன் சேர்ந்த மற்றவற்றின் மின்னோட்டமும் தடைபடும். அந்தப் பகுதியை விலக்கி மின்சாரத்தைக் கடத்திவிட பைபாஸ் டயோடு உண்டு. பெரும்பாலான பேனல்களில் அது மூன்றுதான்; ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு செல்களுக்குப் பொறுப்பு. ஆகவே கையகல நிழல்கூடப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தியை விழுங்கிவிடலாம். வீட்டுக்காரரோ பேனலைக் குறை சொல்வார். வரைபடத்திலேயே தொட்டியை எதிர்ப்பக்கம் தள்ளியிருந்தால் ஒரு காசு செலவில்லை.

இதைவிடப் பெரிய தலைவலி பக்கத்து மனை. இன்று வெயில் அடிக்கும் கூரைக்கு, நாளை அங்கே எழும்பும் இன்னொரு மாடி முட்டுக்கட்டையாகிவிடும். அண்டை வீட்டாரோடு ஒப்பந்தம் செய்து வெயிலைக் காத்துக்கொள்ள கலிபோர்னியாவில் 1978-இலேயே சட்டம் வந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் கட்டடக் கலைஞர் ரோல்ஃப் டிஷ் அமைத்த சூரியக் குடியிருப்பில் 59 வீடுகள். கூரைகள் தெற்கு நோக்கியவை. வரிசைகளுக்கிடையே போதிய இடைவெளி உண்டு. அவை ஆண்டுக் கணக்கில் தாம் செலவழிப்பதைவிட அதிக ஆற்றலை உற்பத்தி செய்யும்படி திட்டமிடப்பட்டவை. அந்தப் பலன் பேனல் வாங்கும்போது வந்ததல்ல, தெருவுக்குக் கோடு போடும்போதே வந்தது.

மரங்களை வெட்டச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உயரமாக வளர்பவற்றை, நிழல் சாலையில் விழும் பக்கமாக நடுங்கள் என்கிறேன்.

வீட்டுக்கு வீடு பேனல் என்று விளம்பரம் செய்துவிட்டு, மின்மாற்றியை மட்டும் பழைய கணக்கில் வைப்பது எனக்கு விளங்காத விஷயம். நண்பகலில் எல்லாக் கூரைகளும் ஒரே நேரத்தில் மின்சாரத்தைக் கம்பிக்கு அனுப்பினால் மின்னழுத்தம் ஏறும். அது அளவு மீறினால், பேனல் மின்சாரத்தை வீட்டுக்கும் கம்பிக்கும் ஏற்றபடி மாற்றித்தரும் இன்வெர்ட்டர்கள் ஒவ்வொன்றாக நின்றுவிடும். நல்ல வெயிலில் கூரை சும்மா கிடக்கும். அந்தி சாய்ந்ததும் எல்லா வீடுகளும் மின்சாரம் கேட்கும். மின்தடை நேரத்திலும் இதே கதைதான்: கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க, பேட்டரி இல்லாத சாதாரண இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துவிடும். தெருவுக்கு ஒரு பொதுப் பேட்டரியும், மின்தடையின்போது வெளி இணைப்பைத் துண்டித்துக்கொண்டு தனியே இயங்கும் ஏற்பாடும் இருந்தால் இரண்டுக்கும் வழி பிறக்கும். ஆனால் அதற்கு இடம் வேண்டுமே! மனைகளெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு எங்கே தேடுவது?

எனவே அடுத்த வரைபடத்துக்கு ஒப்புதல் தருமுன் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, ஆண்டிலேயே நண்பகல் நிழல் மிக நீளும் நாளில், காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை ஒவ்வொரு கூரையிலும் விழும் நிழலின் படம்; அடுத்த மனையில் அனுமதிக்கப்பட்ட முழு உயரத்துக்கும் கட்டடம் எழும்பிவிட்டதாக வைத்தே அதை வரைய வேண்டும். மற்றொன்று, எல்லா வீடுகளிலும் பேனல் இருக்கும் என்று கொண்டு போட்ட மின்மாற்றிக் கணக்கு, பேட்டரிக்கான இடம் குறிக்கப்பட்டதாக.

இப்படிக்கு,
கூரைமேல் வேலை செய்பவன்